இரண்டிலும் 3.0 என்றுதான் போட்டிருக்கிறது

மூங்கில்துறைப்பட்டு,
9 ஜூன் 2025, இரவு

அக்கா,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துவிடாதே. எல்லோரும் இருக்கிறார்கள். நான் இலக்கியாதான் எழுதுகிறேன்.

நீ கள்ளக்குறிச்சியில் பழைய கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்வதாக நிஷாத் சொன்னாள். என் வகுப்பில்தான் படிக்கிறாள். உன் முதலாளி அக்பர் அலி பாய் அவளுக்குப் பெரியத்தாவாம், அவள் அப்பாவுக்கு அண்ணன். இரண்டு வருடமாக ஏன் எழுதவில்லை என்று நீ கேட்டால், முகவரி தெரியாது என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். ஆனால் நிஷாத் முகவரி கொடுத்து ஏழு மாதம் ஆகிறது. உனக்கு எழுதியது தெரிந்தால் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிடுவார் என்ற பயம். அது இப்போதும் இருக்கிறது. உன் பெயர் காதில் விழுந்தாலே சோற்றை விட்டு எழுந்துவிடுகிறார்.

இந்த வாரம் நம் பக்கம் த்ரீ பேஸ் கரண்ட் இரவு பதினொன்றுக்குமேல்தான் வருகிறது. அப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போயிருக்கிறார். மோட்டார் சத்தம் இங்கே கேட்கிறது. அது ஓடும்வரை அவர் கழனியில் இருப்பார். நின்றால் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுவார். அம்மா கூடத்தில் தூங்குகிறாள். நான் சமையல்கட்டில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நான் இப்போது பன்னிரண்டாவது, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். பள்ளி லேபில் பதினொரு மிஷின், அதில் நான்குதான் ஓடுகிறது. நாங்கள் நாற்பத்தெட்டுப் பேர். பைத்தான் புரோகிராமை நோட்டில் எழுதி நோட்டிலேயே விடையும் எழுதிக்கொள்கிறோம். அதனால் வீட்டுக்கு ஒரு பழைய மிஷின் வாங்கலாம் என்று பேச்சு. தியாகதுருகத்தில் ஒரு கடையில் இரண்டு இருக்கிறது. ஒன்று பென்டியம் ஜி2030, ஏழாயிரம் சொல்கிறார்கள். இன்னொன்று ஏ4-4000, ஆறாயிரம். இரண்டிலும் 3.0 என்றுதான் போட்டிருக்கிறது. இரண்டிலும் இரண்டு கோர், இரண்டிலும் நான்கு ஜிபி ரேம். அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதானே? எதற்கு ஆயிரம் ரூபாய் வித்தியாசம்? எதை வாங்குவது?

நிஷாத் வீட்டு முகவரிக்கு எழுது. வீட்டுக்கு எழுதிவிடாதே.

மோட்டார் நின்றுவிட்டது.

இலக்கியா


கள்ளக்குறிச்சி,
14 ஜூன் 2025

இலக்கியா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கையெழுத்துக்காக. இரண்டாவது தடவை, நான் எப்படி இருக்கிறேன் என்று எங்காவது கேட்டிருக்கிறாயா என்று தேடினேன். கேட்கவில்லை. மூன்றாவது தடவை ப்ராசசருக்காகப் படித்தேன்.

நன்றாக இருக்கிறேன். பாய் வீட்டு மாடியில் ஓர் அறை. அவர் மனைவி ரோஷன் பீவி அக்கா வெள்ளிக்கிழமைகளில் சோறு கொடுத்து அனுப்புவார்கள். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பதுவரை கடை. படுத்த பிறகும் விரல் நுனியில் ஸ்க்ரூ இருப்பது போலவே இருக்கும். நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிட்டேன்.

இப்போது உன் கேள்வி. 3.0 என்பது ப்ராசசர் ஒரு நொடியில் எத்தனை அடி எடுத்துவைக்கிறது என்ற அளவு. ஒவ்வொரு அடியிலும் எவ்வளவு வேலை முடிகிறது என்று அது சொல்லாது. ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் இரண்டு டிராக்டரும் ஒரே வேகத்தில் போகலாம். ஒன்றில் ஐந்து டன், மற்றதில் மூன்றரை டன் இருந்தால்? இரண்டு கோர் என்பதும் அப்படித்தான். பென்டியத்தில் வெட்டு ஆள் இரண்டு பேர், ஆளுக்கொரு அரிவாள். ஏ4-இல் ஆள் இரண்டு பேர்தான், ஆனால் சில வேலைகளுக்கு அரிவாள் ஒன்று. ஒருவர் வெட்டும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும்.

வாய்ச்சொல்லாக விடக்கூடாது என்று, கடையில் கிடந்த இரண்டையும் எடுத்து ஒரே ரேம், ஒரே ஹார்ட் டிஸ்க் போட்டு ஓட்டிப் பார்த்தேன். பகா எண் கண்டுபிடிக்கும் பைத்தான் புரோகிராம் ஒன்று, இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். பென்டியம் நாற்பத்தொரு நொடியில் முடித்தது. ஏ4 ஐம்பத்தொன்பது நொடி. அதே புரோகிராமை இரண்டாக ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். பென்டியம் நாற்பத்துமூன்று, ஏ4 எழுபத்து நான்கு. வேலை ஜாஸ்தியானால் ஏ4 கரண்டும் இருபது வாட் கூடுதலாகக் குடிக்கிறது. அதற்கென்று அது மட்டம் என்று சொல்லமாட்டேன். கேம் விளையாடினால் அதில்தான் படம் நன்றாக ஓடுகிறது. நீ கேம் விளையாடவா வாங்குகிறாய்?

“இன்னாம்மா, ரெண்டு கெழவனுங்கள ஓட்டப்பந்தயம் உட்டுக்கினு கீற?” என்று பாய் சிரித்தார். கிழவர்கள்தான். நீ பால்வாடிக்குப் போன காலத்தில் வந்தவை இரண்டும். அக்டோபரோடு விண்டோஸ் பத்துக்கு அப்டேட் நிற்கிறது. பதினொன்று இரண்டிலும் முறைப்படி ஏறாது. லினக்ஸ் போட்டுக்கொள்ள வேண்டும், பைத்தானுக்கு அது போதும். ஆகவே பென்டியத்தை வாங்கு, ஆனால் ஐந்தாயிரத்துக்கு மேல் கொடுக்காதே. பழைய மிஷின் எதுவானாலும் ஃபேனுக்கும் ப்ராசசருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் சாந்து காய்ந்திருக்கும். அதனால் சூடேறித் தானாக அணைந்துவிடும். அப்படி அணைந்தால் ஃபேனைக் கழற்றி, பழைய சாந்தைத் துடைத்துப் புதிது வைக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். கரும்புப் பணம் வந்தாலும் அப்பா கம்ப்யூட்டருக்கு ஏழாயிரம் எடுக்கிற ஆள் இல்லை. யார் வாங்கித் தருகிறார்கள்?

ராதிகா


மூங்கில்துறைப்பட்டு,
24 ஜூன் 2025, இரவு

அக்கா,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்காதது தப்புதான். எழுதத் தொடங்கியபோது அதுதான் முதல் வரியாக இருந்தது. அடித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். கேட்டால் அழுதுவிடுவேன், அழுதால் அம்மா எழுந்துவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை தியாகதுருகம் போனோம். கடைக்காரர் இரண்டையும் மேசைமேல் வைத்தார். ஏ4 இருந்த பெட்டி பெரியது, முன்னால் நீல விளக்கு எரிந்தது. பென்டியம் இருந்தது சின்னக் கறுப்புப் பெட்டி.

“சார், இத்தப் பாருங்க. உள்ளயே கேம் கார்டு கீது. அது ஆபீசுக்குப் போடற சின்னப் பொட்டி, வூட்டுக்கு எடுப்பா இருக்காது” என்றார்.

நான் மெதுவாக, “அந்தச் சின்னதுதான் வேகம்” என்றேன்.

“பாப்பா இன்னாமோ சொல்லுதே!” என்று கடைக்காரர் சிரித்தார். “ரெண்டுலயும் மூனு புள்ளி சைபர்தாம்மா, ஒட்டியிருக்குது பாரு.”

“உனுக்கு யாரு சொன்னா?” என்று கூட வந்தவர் என்னைக் கேட்டார். கம்ப்யூட்டர் சார் சொன்னார் என்று பொய் சொன்னேன். அவர் கடைக்காரரிடம் திரும்பி, “சின்னதா எடுத்துக்கினு போனா ஊர்ல இன்னா பேசுவாங்க? பெருசயே குடுபா” என்றார். ஆறாயிரமாக இருந்த ஏ4 அந்த இடத்திலேயே ஏழாயிரத்தைந்நூறு ஆனது. அவர் பேரம் பேசவில்லை.

கூட வந்தவர் யார் என்று நீ இந்நேரம் கண்டுபிடித்திருப்பாய். தெய்வசிகாமணி மாமா.

அம்மாவைக் கேட்டேன். “ஏண்டி, தாய்மாமன் சும்மா ஒன்னு வாங்கித் தரக் கூடாதா?” என்றாள். ஆனால் அன்று இரவு அப்பாவிடம் அவள் சொன்னது வேறு. ஆடி போகட்டும், ஆவணியில் பேசி முடித்துவிடலாம், சித்திரையில் அவளுக்குப் பதினெட்டு, வைகாசியில் கல்யாணம். மலைமேல் கரியாலூரில் மாமா கட்டியிருக்கும் காட்டேஜுக்கு ஒரு பொம்பளை வேண்டுமாம். அருவி பார்க்க வருகிறவர்களுக்குச் சமைத்துப்போட ஆள் நிலைப்பதில்லையாம்.

மாமாவுக்கு முப்பத்தைந்து. கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நீயும் சொன்னதில்லை.

உனக்குப் பேசிய கல்யாணம் இது, அக்கா. நீ போய்விட்டாய். அது அப்படியே என் பக்கம் திரும்பியிருக்கிறது. பஸ் ஏறும்போது இதை நீ யோசித்தாயா என்று கேட்க வேண்டும் என்று இரண்டு வருடமாக இருக்கிறேன். கேட்டுவிட்டேன்.

நீ அப்பாவிடம் எப்படிச் சொன்னாய்? எந்த வார்த்தையில் தொடங்கினாய்? எனக்கு அவர் எதிரில் வாய் வருவதில்லை. அதை மட்டும் எழுது.

இலக்கியா


கள்ளக்குறிச்சி,
28 ஜூன் 2025

இலக்கியா,

நான் சொல்லவே இல்லை.

அதுதான் உண்மை. எந்த வார்த்தையிலும் தொடங்கவில்லை. நிச்சயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது காலை ஐந்து நாற்பது பஸ்ஸில் ஏறினேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உன்னை யோசித்தேனா என்றால், யோசித்தேன். நீ பதினைந்து வயதுப் பிள்ளை, உன்னிடம் வரமாட்டார்கள் என்று நினைத்தேன். பதினைந்து பதினேழாகும் என்பதை யோசிக்கவில்லை. திட்ட வேண்டுமானால் திட்டி எழுது, படிக்கிறேன்.

ஆனால் இதைக் கவனமாகப் படி. எனக்கும் இப்படித்தான் தொடங்கியது. காலேஜ் கடைசி வருடம் மாமா ஒரு போன் வாங்கிக் கொடுத்தார். “மாமன்தானே, வாங்கிக்கடி” என்றாள் அம்மா. வாங்கிக்கொண்டேன். ஐந்து மாதம் அதில் பாட்டுக் கேட்டேன், பேசினேன், ஒரு தடவை கீழே போட்டுக் கண்ணாடியில் கீறலும் விழுந்தது. பிறகு வேண்டாம் என்று அம்மாவிடம் முனகியபோது அவள் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? “போனு வாங்கறப்ப மட்டும் இனிச்சுதா?” நம் வீட்டில் மாமன் கையால் ஒரு பொருளை வாங்கினால் வாய் திறந்து சம்மதம் சொல்லத் தேவையில்லை. கை சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்வார்கள். நான் போனைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனேன். ‘ஒடச்சிப்புட்டு ஓடிட்டா’ என்று ஊரில் பேசியதாக நிஷாத்தின் அம்மா ரோஷன் அக்காவிடம் சொல்லியிருக்கிறார்கள். நான் போனதை விட அந்தக் கண்ணாடிக் கீறல்தான் பெரிய பேச்சாம்.

ஆகவே பென்டியமா ஏ4-ஆ என்ற கேள்வியை விட்டுவிடு. எதுவும் வேண்டாம். மிஷின் வந்தால் தொடாதே, ஆன் பண்ணாதே. வேண்டாம் என்று அவர் எதிரிலேயே சொல். நான் செய்யாததை உன்னைச் செய்யச் சொல்கிறேன், எனக்குத் தெரியும்.

கடையில் கழித்துப்போட்ட பாகங்களை வைத்து நானே உனக்கு ஒன்று சேர்த்துத் தருகிறேன். ஆகஸ்ட் ஆகிவிடும். அதுவரை நோட்டிலேயே எழுது.

ராதிகா


மூங்கில்துறைப்பட்டு,
14 ஜூலை 2025, இரவு

அக்கா,

எழுதுவது உனக்குச் சுலபம். எதிரில் சொல் என்கிறாய். எதிரில் நான்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆடி பிறப்பதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்று வெள்ளிக்கிழமையே மிஷின் வந்துவிட்டது. மாமா அதைத் தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். வெற்றிலை, பாக்கு, இரண்டு சீப்பு வாழைப்பழம், நடுவில் சிபியூ. அம்மா பெட்டி முழுக்கச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கதம்ப மாலை போட்டு, சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி வைத்தாள். எதிர்வீட்டுப் பெரியம்மாள் அத்தை, மேலவீட்டு ஆண்டாள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். “தொட்டுக் கும்புடுடி” என்றாள் அம்மா. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எல்லாரும் பார்த்தார்கள். அப்பா பார்த்தார். தொட்டுவிட்டேன், அக்கா.

ஆன் பண்ணச் சொன்னார்கள். பண்ணினேன். எல்லாருக்கும் ஒரு சாமி பாட்டு போட்டுக் காட்டச் சொன்னார்கள். பாட்டு பாதியில், ஃபேன் மாவு மிஷின் போல இரைந்து, எல்லாம் அணைந்துபோனது. மறுபடி போட்டேன். ஐந்து நிமிடத்தில் மறுபடி அணைந்தது.

“இன்னாடி இது, கை வெச்சதும் நின்னுபோச்சி?” என்றாள் பெரியம்மாள் அத்தை. அம்மா முகம் கறுத்துப்போனது. மாமா மட்டும், “உடுங்க, கரண்டு கம்மியா இருக்கும்” என்றார்.

நேற்று எல்லாரும் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். தலைவலி என்று நான் போகவில்லை. காய்ந்த சாந்துதான் காரணம் என்று நீ எழுதியிருந்தாயே. பக்கவாட்டு மூடியைத் திறந்து, ஃபேனின் கொக்கியை விடுவித்து, நேராகப் பிடித்து மேலே இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். ‘டக்’ என்று வந்தது. ஃபேனோடு ப்ராசசரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. ப்ராசசரைப் பூட்டியிருக்கும் கம்பியை நான் தூக்கவே இல்லை. தூக்க முடியாது, அது ஃபேனுக்கு அடியில் இருக்கிறது.

அதன் வயிற்றில் முழுக்க ஊசி ஊசியாகக் கால்கள். முப்பத்தொரு கால் சாய்ந்திருக்கிறது. இரண்டு ஒடிந்தே போய்விட்டது. எண்ணி எண்ணிப் பார்த்துவிட்டேன்.

மூடியைப் பழையபடி மூடி, மாலையையும் பழையபடி போட்டு வைத்திருக்கிறேன். கரண்ட் ஏற்ற இறக்கமாக இருக்கிறது, போட வேண்டாம் என்று சார் சொன்னார் என்று இன்னொரு பொய். ஆடிப் பதினெட்டுக்கு மாமா வருகிறார். அன்று போட்டுக் காட்டச் சொல்வார்கள். உன் போனில் வெறும் கீறல். நான் முழுசாகவே உடைத்துவிட்டேன். இனி வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? உடைத்த பொருளை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா? அம்மாவும் மாமாவும் சேர்ந்து என்னைக் கொடுத்துத்தான் கணக்கைத் தீர்ப்பார்கள் போலிருக்கிறது.

இன்று மோட்டார் ஓடவில்லை. அப்பா உள்ளேதான் தூங்குகிறார். அவர் புரளும்போதெல்லாம் டார்ச்சை அணைத்து அணைத்து எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் மன்னித்துக்கொள்.

இலக்கியா


கள்ளக்குறிச்சி,
18 ஜூலை 2025

இலக்கியா,

இதில் பாதித் தப்பு என்னுடையது. சாந்தைத் துடை என்று எழுதினேன். எப்படிக் கழற்றுவது என்று எழுதவில்லை. பத்து நிமிடம் மிஷினை ஓடவிட்டுச் சாந்து இளகிய பிறகு, ஃபேனை இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுக்க வேண்டும். பென்டியத்தில் ஊசிகள் போர்டில் இருக்கும், சிப்பை ஓர் இரும்புச் சட்டம் அழுத்திப் பிடித்திருக்கும், இழுத்தாலும் வராது. ஏ4-இல் கால்கள் சிப்பிலேயே இருக்கின்றன. ஆறிய மிஷினில் இழுத்தால் கடையில் எங்களுக்கே சில நேரம் பிய்ந்து வரும். இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் நான் உனக்கு எழுத மறந்திருக்கிறேன்.

மீதிப் பாதித் தப்பு யாருடையது தெரியுமா? மாலையுடையது. பெட்டியின் பக்கத்திலும் பின்னாலும் இருக்கும் ஓட்டைகள் வழியாகத்தான் சூடு வெளியே போகும். அதில் சந்தனத்தைப் பூசி, ஈர மாலையைப் போட்டு, சுவரோடு ஒட்டியும் வைத்தால் புது மிஷினே அணைந்துவிடும். சாந்து நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். மாலையைக் கழற்றியிருந்தாலே போதும். பாயிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. “பாவம்மா, மூச்சு முட்டிப் போச்சு அதுக்கு” என்றார்.

நிஷாத்தின் அத்தா இன்று சரக்கு எடுக்க வந்தார். அவரிடம் ஒரு சோப்பு டப்பா கொடுத்திருக்கிறேன். பஞ்சுக்கு நடுவில் ஓர் ஏ4-4000 இருக்கிறது. நான் ஓட்டிப் பார்த்தேனே, அதேதான். கூடவே சாந்து டியூப். கம்பியை மேலே தூக்கு. சிப்பின் மூலையில் ஒரு சின்னப் பொன்னிற முக்கோணம் இருக்கும், போர்டில் இருக்கும் முக்கோணத்துக்கு நேராக வை. அழுத்தாதே, தானாக உட்காரும். உட்காராவிட்டால் எடுத்து மறுபடி வை. கம்பியை இறக்கு. நடுவில் ஓர் அரிசி அளவு சாந்து. பிறகு ஃபேன். முதலில் சந்தனத்தை ஈரமில்லாத துணியால் துடைத்துவிடு.

மிஷின் ஓடும். நீ உடைத்தது யாருக்கும் தெரியாது. ஆனால் ஓடிவிட்டால், அது உன் மிஷின் என்று ஆகிவிடும். அதோடு வரும் எல்லாமும்தான். போடாவிட்டால், உடைத்தவள் என்ற பேரோடு வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். இரண்டில் எது என்று நான் சொல்லப்போவதில்லை. நம் வீட்டு விஷயத்தில் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. சிப்பை மட்டும் அனுப்புகிறேன்.

நான் எதிரில் நிற்காதவள் என்று நீ எழுதியது சரிதான். இரண்டு நாளாக அது காதிலேயே இருக்கிறது.

ராதிகா


மூங்கில்துறைப்பட்டு,
4 ஆகஸ்ட் 2025, இரவு

அக்கா,

லைட் போட்டுத்தான் எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சிப்பைப் போட்டுவிட்டேன். மூன்று தடவை எடுத்து வைத்தேன், நான்காவது தடவை தானாக உட்கார்ந்தது. ஊதுவத்திச் சாம்பல்கூட உள்ளே போயிருந்தது, எல்லாவற்றையும் துடைத்தேன். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தேன். மாலையை அம்மா கேட்டாள், பூ வாடிவிட்டது என்று சொன்னேன். இரண்டு மணி நேரம் அணையாமல் ஓடியது. சாரிடம் பென்டிரைவில் பைத்தான் வாங்கி ஏற்றி, நீ எழுதி அனுப்பிய பகா எண் புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். அறுபத்தொரு நொடி. இரண்டு நொடி கூடுதல். உன் கடையில் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும் போலிருக்கிறது.

அப்படி ஓடுவதைப் பார்த்தபோது, வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஒளிக்க விரும்பவில்லை. நான் நோட்டில் எழுதிய புரோகிராம் எல்லாம் முதல் தடவையாக விடை சொன்னது. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ஆடிப் பதினெட்டு. காலையில் எல்லாரும் பெண்ணையாற்றுக்குப் போய்ப் படைத்துவிட்டு வந்தோம். சாப்பிட்டு முடித்ததும் மாமா, “எங்கம்மா, போடு பாக்கலாம்” என்றார். போட்டேன். பாட்டு முழுசாக ஓடியது. அப்பா, அம்மா, பெரியம்மாள் அத்தை எல்லாரும் இருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அணைத்தேன், ஒயரையெல்லாம் கழற்றிச் சுற்றினேன், பெட்டியைத் தூக்கி மாமா காலடியில் வைத்தேன்.

“இன்னாடி இது?” என்றார் மாமா. “நல்லாதான ஓடுது?”

“நல்லா ஓடுது மாமா. அதான் இப்பவே குடுக்கறேன். இத்த வாங்கிக்கினா இன்னா அர்த்தம்னு எனுக்குத் தெரியும். எனுக்கு வேணாம்.”

இவ்வளவுதான் சொன்னேன். மூன்று நாளாக மனப்பாடம் செய்தது இதைவிடப் பெரியது. மீதி வரவில்லை.

அம்மா, “வாய மூடுடி!” என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். மாமா, “இரு, அக்கா” என்று அவளைத் தடுத்தார். பிறகு பெட்டியைப் பார்த்து, “அவளும் வேணாம்னா. அவ போட்டுட்டுப் போன போனு இன்னும் எம் பீரோவுலதான் கெடக்குது. ஒடச்சிப்புட்டு ஓடிட்டான்னு ஊரு பேசிச்சு. நீ முழுசா குடுக்கற, அதுவரிக்கும் சரி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன மாதிரி இருந்தது. காட்டேஜில் ரூம் பதிவு செய்ய ஆகும் என்று சொல்லிப் பெட்டியை அவரே தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு கரியாலூர் போய்விட்டார். மேலே ஏறும்போது ஆடாமல் இருக்கச் சாக்கு சுற்றிக்கொடுத்தேன்.

அம்மா அதிலிருந்து என்னிடம் பேசவில்லை. தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் போகிறாள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. ஆவணி இன்னும் பிறக்கவில்லை.

இன்று இரவு கழனிக்குக் கிளம்பிய அப்பா வாசலில் நின்று கேட்டார்.

“அன்னிக்கு நின்னுபோன மிஷினு எப்டி ஓடிச்சி?”

“நான்தான் ரிப்பேர் பண்ணேன்.”

“யாரு சொல்லிக் குடுத்தா?”

சார் என்று சொல்ல வாய் வந்தது. அவ்வளவு பழகிவிட்டது. சொல்லவில்லை.

“அக்கா” என்றேன். “ஒன்னு சேத்துத் தரேன்னு எழுதிக்கீது.”

இரண்டு வருடத்துக்குப் பிறகு அப்பா எதிரில் நான் உன் பேச்சை எடுத்தேன். அடிப்பார் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் டார்ச்சை ஏற்றினார், அணைத்தார், மறுபடி ஏற்றினார். பிறகு வெளியே பார்த்துக்கொண்டு, “அந்தப் பொட்டி இன்னா கனம் இருக்கும்? பஸ்ல தூக்கிக்கினு வர முடியுமா அதால?” என்றார். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

‘அதால’ என்றது யாரை என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரியும் இருக்கிறது. அதனால்தான் லைட் போட்டு எழுதுகிறேன். மோட்டார் நின்றுவிட்டது, நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒடிந்த சிப் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது.

நீ எப்படி இருக்கிறாய்?

இலக்கியா


கள்ளக்குறிச்சி,
7 ஆகஸ்ட் 2025

இலக்கியா,

கனம் ஏழு கிலோ. மானிட்டர் தனி. தூக்கிவிடலாம், இதைவிடக் கனமானதையெல்லாம் கடையில் மாடி ஏற்றியிருக்கிறேன்.

பென்டியம் ஜி2030, எட்டு ஜிபி ரேம், சின்னதாக ஓர் எஸ்எஸ்டி. லினக்ஸ் போட்டுவிட்டேன், பைத்தானும் இருக்கிறது. பெட்டி பழையது, ஒரு பக்கம் பெயிண்ட் உரிந்திருக்கும். விளக்கு எரியாது. அதே பகா எண் புரோகிராமை முப்பத்தொன்பது நொடியில் முடித்தது. வேலையைக் கூட்டிக் குறைத்து மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தேன், அணையவில்லை. “ரெண்டு நாளு லீவு எடுத்துக்கோம்மா, போதாட்டி மூனு” என்றார் பாய். எத்தனை மணி நேரத்தில் திரும்பி வருவேன் என்று எனக்கே தெரியாது என்று சொன்னேன்.

உன் கடைசி வரிக்குப் பதில்: தூக்கம் இல்லை. அப்பா கேட்டதை ரோஷன் அக்காவிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். ‘அதால’ என்று பெட்டியைச் சொல்லமாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணி பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்துக்கு யார் வருகிறார்கள் என்று எழுத வேண்டாம். இறங்கிப் பார்த்துக்கொள்கிறேன். யாரும் இல்லாவிட்டாலும் வீடு எங்கே இருக்கிறது என்று தெரியும். இந்தத் தடவை எதிரில் நின்றே பேசுகிறேன், நீ பக்கத்தில் நின்றால் போதும்.

அம்மா பேசாவிட்டாலும் நீயே போய்ச் சொல்லிவிடு. பெட்டிக்குப் பொட்டு வைக்க வேண்டுமென்று தோன்றினால் வைக்கட்டும். நெற்றி மாதிரி முன்னால் மட்டும். பின்னால் ஓட்டைகள் இருக்கின்றன.

ராதிகா